நான்கு மாதம் வீட்டைப் பூட்டும் முன்: ஓதச் சுவரும் பழைய குழாய்களும்

கேள்வி: குரோம்பேட்டையில் 1996ஆம் ஆண்டு கட்டிய சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் கணவரும் இருக்கிறோம். மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. சுவருக்குள் பதித்தவை எல்லாம் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள். மாடிக் குளியலறைக்கு நேர் கீழே எங்கள் கூடத்துச் சுவர் வருகிறது. அதில் ஆறு மாதமாக ஓதம் இறங்கி, பெயின்ட் பொரிந்து, உப்புப் பூக்கிறது. மே மாதம் மாடி வீட்டார் ஊருக்குப் போயிருந்தபோது கொஞ்சம் காய்ந்ததுபோல் இருந்தது. பிறகு பழையபடி ஆகிவிட்டது. வந்து பார்த்த பிளம்பர், வீடு முழுவதும் குழாயை மாற்றியாக வேண்டும் என்கிறார். பெயின்டரோ, உள்பக்கம் கெமிக்கல் கோட்டிங் அடித்தால் நின்றுவிடும் என்கிறார். அக்டோபர் நடுவில் மகளின் பிரசவத்துக்காக இருவரும் சிங்கப்பூர் போகிறோம். திரும்ப நான்கு மாதம் ஆகும். இருக்கும் ஐந்து வாரத்தில் எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது? நாங்கள் இல்லாத நேரத்தில் குழாய் விட்டுப்போனால் என்ன செய்வது?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, குரோம்பேட்டை

பதில்:

அன்புள்ள அம்மா, பிளம்பர், பெயின்டர் இருவருக்கும் இப்போதைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். சுவரில் இறங்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இருவரும் பார்க்கவில்லை. அவரவர் கைவசம் இருக்கும் வேலையைச் சொல்லியிருக்கிறார்கள். மேலிருந்து இறங்கிச் சுவரை நனைக்கக்கூடிய தண்ணீர் பெரும்பாலும் மூன்று வகைதான்: மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாயில் எப்போதும் நிறைந்து நிற்கும் நல்ல தண்ணீர், குளித்துத் துவைத்துக் கொட்டிய கழிவுத் தண்ணீர், மழைத் தண்ணீர். நல்ல தண்ணீர்க் குழாய் கசிந்தால், யார் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு பகலாகச் சுவர் நனைந்துகொண்டே இருக்கும். கழிவுக் குழாயோ தரையோ கசிந்தால், புழங்கும் அளவுக்கு ஏற்ப ஓதம் ஏறி இறங்கும். மழைநீர் என்றால், மழைக்கு இரண்டொரு நாள் கழித்துத் தெரிந்து வெயிலில் காய்ந்துவிடும்.

இந்தக் கணக்கில் உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய மே மாதத்துச் செய்திதான். மாடியில் ஆள் இல்லாதபோது ஓதம் குறைந்து, அவர்கள் திரும்பியதும் கூடியிருக்கிறது என்றால், சந்தேகம் முதலில் மாடிக் குளியலறையின் தரை மீதும் அதன் கழிவுக் குழாய் மீதும்தான் விழ வேண்டும். நல்ல தண்ணீர்க் குழாய்கள் அந்த நாட்களிலும் தொட்டியோடு இணைந்து நிறைந்தேதான் இருந்திருக்கும். அப்படியானால், பிளம்பர் சொன்னபடி ஜி.ஐ. குழாய்களை எல்லாம் மாற்றி, சுவரை உடைத்துப் பூசி, டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகும் கூடத்துச் சுவர் நனைந்தபடியே இருக்கும். ஆனால் கத்திரி வெயிலில் எந்தச் சுவரும் சற்றுக் காயத்தான் செய்யும்; மாடி வீட்டார் ஊருக்குப் புறப்படும்போது தங்கள் வால்வை மூடிவிட்டுப் போயிருந்தால், நல்ல தண்ணீர்க் குழாயின் கசிவும் அதோடு நின்றிருக்கும். அதை அவர்களிடமே கேளுங்கள். எப்படியும் இரண்டு சோதனைகள் செய்தால் விஷயம் தெளிந்துவிடும். இரண்டுக்கும் பெரிதாகச் செலவில்லை.

முதல் சோதனை தொட்டியில். நம் புறநகர் வீடுகள் பலவற்றில் தண்ணீர் மீட்டர் கிடையாது என்பதால், முள்ளைப் பார்த்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி நமக்கு இல்லை. தொட்டியின் மட்டத்தைத்தான் நாம் மீட்டராக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குத் தொட்டியை நிரப்பி, மோட்டாரின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் நடு இரவில் மோட்டார் ஓடிச் சோதனையைக் கெடுத்துவிடும். இரு வீட்டாரும் அந்த ஓர் இரவுக்குப் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, குழாயையும் ஃப்ளஷையும் தொடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் மட்டத்தைத் தொட்டியின் உள்சுவரில் பென்சிலால் கோடிட்டு, காலை நான்கரை மணிக்கு மறுபடி பாருங்கள்.

செவ்வகத் தொட்டியாக இருந்தால், நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் அளந்து பெருக்கி, அதைப் பத்தால் பெருக்குங்கள். மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் அத்தனை லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். 1.1 மீட்டர் விட்டமுள்ள வட்டமான பிளாஸ்டிக் தொட்டி என்றால், ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்பதரை லிட்டர். அதில் ஆறு மணி நேரத்தில் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் எங்கோ போகிறது. நீங்கள் இல்லாத நான்கு மாதத்துக்குக் கணக்கிட்டால் அது ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீருக்குச் சமம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மட்டம் இறங்கியிருந்தால் உடனே சுவரைச் சந்தேகிக்க வேண்டாம்; முதலில் ஃப்ளஷ் தொட்டிகளைப் பாருங்கள். ஃப்ளஷ் தொட்டிக்குள் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டு, அரை மணி நேரம் யாரும் அழுத்தாமல் விட்டு, பீங்கானைப் பாருங்கள். அங்கே நிறம் இறங்கியிருந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. சத்தமில்லாமல் ஒழுகும் ஃப்ளஷ் தொட்டிதான் பல வீடுகளில் மோட்டாரை நாளைக்கு இருமுறை ஓடவைக்கிறது. இன்னொரு போலிக் கசிவும் உண்டு. மோட்டாரிலிருந்து மேலே வரும் குழாயின் வாய் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்து, கீழே இருக்கும் வால்வும் பழுதாகியிருந்தால், தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகச் சம்ப்புக்கே இறங்கிவிடும். வீட்டில் ஓர் இடமும் நனையாமல் தொட்டி மட்டும் காலியாகும் மர்மத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெட்டிவிட்டால் போதும்.

இவை இரண்டும் இல்லையென்றால், மறுநாள் இரவு தொட்டியின் அடியிலிருந்து கிளம்பும் குழாய்களின் வால்வுகளில் ஒன்றை மட்டும் மூடிவிட்டு, இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எந்த வால்வை மூடும்போது மட்டம் நிலையாக நிற்கிறதோ, அந்த வழியில்தான் கசிவு. எல்லா வால்வையும் மூடியும் இறங்கினால், கசிவது தொட்டியோ அந்த வால்வுகளோதான்.

இரண்டாவது சோதனை மாடிக் குளியலறையில். இந்தச் சோதனைக்கு முன், உங்கள் கூடத்துச் சுவரில் ஓதத்தின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். "பரவியிருக்கிற மாதிரி இருக்கிறது" என்று சொல்வதற்கும், கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் வந்திருப்பதைக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம், நாளை நீங்கள் பிளம்பரோடு பேசும்போது தெரியும். பிறகு மாடிக் குளியலறையின் நாணி டிராப்பை (தரைத் தண்ணீர் வடியும் வாயை) துணி சுற்றிய பிளாஸ்டிக் பையால் இறுக அடைத்து, வாசல்படியைத் தாண்டாத அளவுக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்குங்கள். ஒரு நாள் முழுவதும் விடுவது உத்தமம். அவர்களுக்கு வேறு குளியலறை இல்லையென்றால் இரவு பத்து மணி நேரமாவது விட வேண்டும். இந்தத் தண்ணீரில் கேசரிப் பவுடரைக் கலக்க வேண்டாம். கூடத்துச் சுவரில் காவி நிறம் இறங்கினால் அதை மறைக்கத் தனியாகச் செலவாகும்.

தேங்கிய நிலையிலேயே கீழே ஓதம் கோட்டைத் தாண்டினால், டைல்ஸ் இணைப்புகளோ நாணி டிராப்பைச் சுற்றியுள்ள சிமெண்டோ விட்டிருக்கிறது. அப்போது ஒன்றும் ஆகாமல், அடைப்பை எடுத்துத் தண்ணீரை வடியவிட்ட சில மணி நேரத்தில் ஓதம் கூடினால், தவறு டிராப்புக்குக் கீழே உள்ள கழிவுக் குழாயில் இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகளில் குளியலறைத் தளத்தை ஏறத்தாழ ஓரடி தாழ்த்தி, அதில் குழாய்களைப் போட்டு, மேலே செங்கல் ஜல்லியைக் கொட்டி நிரப்பித் தரை போடுவார்கள். மேலே ஒழுகுகிற தண்ணீர் அந்த ஜல்லிக்குள் தேங்கி, தனக்கு வசதியான மூலையில் மெதுவாக இறங்கும். ஆகவே ஓதம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைத்து உடைக்கச் சொல்லிவிடாதீர்கள்.

கசிவு டைல்ஸ் இணைப்பிலும் டிராப்பின் விளிம்பிலும் என்றால், பயணத்துக்கு முன்பே சரிசெய்துவிடலாம். பழைய இணைப்புப் பூச்சைச் சுரண்டி எடுத்து, இரண்டு நாள் குளியலறையை நன்றாகக் காயவிட்டு, வெள்ளைச் சிமெண்டுக்குப் பதிலாக எபாக்ஸி குரௌட் இடச் சொல்லுங்கள். டிராப்பைச் சுற்றி நான்கு அங்குலம் உடைத்து எடுத்து, நீர்த்தடுப்புக் கலவையோடு மறுபடி பதிக்க வேண்டும். கழிவுக் குழாயே உடைந்திருந்தால் தரையை உடைக்காமல் வழியில்லை. அந்த வேலைக்கு நீங்கள் கூட இருக்க வேண்டும் என்பதால், ஐந்து வாரத்தில் முதல் வாரமே தொடங்குங்கள்.

கசிவை நிறுத்திய பிறகும் சுவர் உடனே காயாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும், மேலே ஊறிய ஜல்லியும் வற்ற வாரக்கணக்காகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இன்னும் கூடுதலாகவே ஆகலாம். காய்ந்ததா என்று பார்க்க, ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. பெயின்டர் சொன்ன கெமிக்கல் கோட்டிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் இதுதான்: நனைந்துகொண்டிருக்கும் சுவரின் உள்முகத்தை அடைத்தால் தண்ணீர் பக்கத்துச் சுவருக்கோ கீழே ஸ்கர்டிங்குக்கோ நகரும், ஆறு மாதத்தில் பூச்சோடு சேர்ந்து அந்தக் கோட்டிங்கும் பெயரும். சுவர் காய்ந்த பிறகு, பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினால் போதும், இந்தச் செலவு தேவைப்படாது.

இனி ஜி.ஐ. குழாய்கள். உங்கள் பிளம்பர் சொன்னது ஓதத்துக்கு மருந்தாகாமல் போகலாம். ஆனால் அவர் குழாயைப் பற்றிச் சொன்னது தவறல்ல. இரும்புக் குழாயின் மேலும் உள்ளும் பூசிய துத்தநாகம்தான் அதைக் காக்கிறது. இணைப்புக்காக மரை வெட்டும்போது அந்தப் பூச்சு அங்கே அறுந்துவிடுவதால், துரு எல்போ (வளைவு), டீ (மூன்று வழி) இணைப்புகளில்தான் முதலில் பிடிக்கிறது. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு அதை இன்னும் வேகப்படுத்தும். பித்தளை வால்வையும் அது விட்டுவைப்பதில்லை. காலையில் முதலில் திறக்கும்போது தண்ணீர் பழுப்பாக வருகிறதா, அடுப்படிக் குழாயில் வேகம் வருடா வருடம் குறைகிறதா என்று கவனியுங்கள். ஏதாவது ஒரு குழாயைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அரை அங்குலக் குழாயில் பென்சில் நுழையும் அளவுக்கே துவாரம் மிஞ்சி, சுற்றிலும் பழுப்புக் கட்டிகள் அப்பியிருந்தால், அந்தக் குழாயின் காலம் முடிந்துவிட்டது.

இருந்தாலும், மாற்றும் வேலையை அக்டோபருக்குள் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புதிய குழாய் வேலையில் தவறு இருந்தால், அது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் தலைகாட்டும்: சரியாக ஒட்டாத இணைப்பு, அதிகமாக முறுக்கியதால் விரிந்த பிளாஸ்டிக் மரை, வெந்நீர் ஓடத் தொடங்கிய பிறகு இழுபட்டுக் கழலும் எல்போ. அந்த வாரங்களில் வீட்டுக்காரர் விமானத்தில் இருக்கக் கூடாது. இரவுச் சோதனையில் ஒரு வழி மட்டும் கசிகிறது என்று தெரிந்தால், அதை மட்டும் மேலேயே துண்டித்து, இரு முனைகளையும் பிளக் போட்டு அடைத்துவிட்டு, வெளிச் சுவர் வழியாகத் தற்காலிகமாக ஒரு சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயைக் கொண்டுவாருங்கள். பழைய குழாய் சுவருக்குள் கிடந்தால் ஒன்றும் ஆகாது. அதில் தண்ணீர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வெளியே ஓடும் குழாய்க்கு மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் போட்டு, வெயில் தின்னாமல் இருக்கத் தண்ணீரில் கரைக்கும் எமல்ஷன் பெயின்ட் ஒரு கோட் அடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பழைய குழாய் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விட்டால் எவ்வளவு தண்ணீர் கொட்டலாம் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானித்துவிடலாம். கீழ்த்தளத்தில் ஓர் அரை அங்குலக் குழாய் கழன்றால் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் கொட்டும். 1,000 லிட்டர் தொட்டி ஒன்றரை மணி நேரத்தில் காலியாகிவிடும். அதோடு நின்றால் கூடத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரோடு போகும். ஆனால் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருக்கும் வீட்டில், தொட்டி இறங்கியதும் மோட்டார் தானாக ஓடி மறுபடி நிரப்பும். சம்ப் முழுவதும் பூட்டிய வீட்டுக்குள் வந்து சேரும் வரை நிற்காது. ஆகவே, நீங்கள் இல்லாத காலத்தில் கன்ட்ரோலரை நிறுத்திவிட்டு, மோட்டாரை மாடி வீட்டாரே கையால் போடட்டும். வழக்கத்தைவிட அடிக்கடி போட வேண்டியிருந்தால் உங்களுக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அதுவே எச்சரிக்கை மணி.

மாடியில் குடித்தனம் இருப்பதால் மொத்த வீட்டுக்கும் தண்ணீரை மூடிவிட்டுப் போக முடியாது. எனவே கீழ்த்தளத்துக்கு இறங்கும் குழாய்களை மட்டும் தனியாக மூட வழி இருக்கிறதா என்பதுதான் இந்த வீட்டில் முக்கியமான கேள்வி. பழைய வீடுகளில் பெரும்பாலும் ஒரே குழாய் மாடிக்கும் கீழேயும் சேர்ந்து இறங்கும். அப்படி இருந்தால், மாடிக்குப் பிரிந்த பிறகு கீழே வரும் பகுதியில், எட்டும் உயரத்தில் ஒரு வால்வு போடச் சொல்லுங்கள். பயணத்துக்கு முன் நீங்கள் செய்யும் செலவுகளில் இதுவே பெரிய பயன் தருவது. சக்கரம்போல் திருகும் கேட் வால்வு வேண்டாம். வருடக்கணக்கில் தொடாமல் இருந்தால் அது உப்பில் இறுகி, அவசரத்துக்குத் திருகும்போது தண்டு முறிந்து கையோடு வரும். கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் மூடிக்கொள்ளும் பால் வால்வைப் போடுங்கள். அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதும் கைப்பிடியின் திசையைப் பார்த்தாலே தெரியும். ஏற்கெனவே இருக்கும் கேட் வால்வுகளை இந்த ஐந்து வாரத்தில் ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். இறுகியிருந்தால் பலவந்தம் செய்யாமல், தொட்டியைக் காலி செய்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

கீழ்த்தள வால்வை மூடியதோடு விட்டுவிடாமல், உள்ளேயும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஹெல்த் ஃபாசெட்டுக்கு (கழிவறையில் கையால் பீய்ச்சும் குழாய்க்கு) தண்ணீர் வரும், சுவரில் உள்ள ‘ஆங்கிள் காக்’ வால்வை நம் வீடுகளில் யாரும் மூடுவதே இல்லை. கையில் அழுத்தும் சிறு விசையைத்தான் எல்லாரும் மூடி என்று நம்புகிறார்கள். தண்ணீரின் முழு அழுத்தத்தையும் இரவு பகலாக அந்த மெல்லிய ஹோஸ்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது விட்டால் குளியலறை நிரம்பி வாசல்படியைத் தாண்டும். வாஷிங் மெஷின் குழாய், ஆர்.ஓ. இயந்திரத்தின் சிறு குழாய், கீஸர், வாஷ்பேசின் அடியில் இருக்கும் கனெக்‌ஷன் பைப் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக உள்ள வால்வுகளை மூடுங்கள். பின்னல் உறை போட்ட கனெக்‌ஷன் பைப்பில் கம்பி துருப்பிடித்தோ உள்ரப்பர் புடைத்தோ இருந்தால், யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

கீஸரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் அடியில் இருக்கும் சிறு பித்தளை வால்வு, தண்ணீர் சூடாகும்போது சில சொட்டுகள் விட்டால் அது பழுதல்ல. உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வேலை. "ஒழுகுகிறது" என்று சொல்லி அந்தத் துவாரத்தை எம்-சீல் வைத்து அடைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அடைத்த கீஸர் வெடிக்கக்கூடும். அப்படி அடைத்திருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். எந்நேரமும் ஒழுகினால் அந்த வால்வை மாற்ற வேண்டும், அடைக்கக் கூடாது. ஊருக்குப் போகும்போது மின்பெட்டியில் உள்ள கீஸரின் எம்.சி.பி. ஸ்விட்சை இறக்கிவிடுங்கள். திரும்பி வந்து, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் காற்றில்லாமல் சீராக வந்த பிறகே ஸ்விட்ச் போட வேண்டும். காலியான கீஸர் சூடேறினால் உள்ளே இருக்கும் காயில் கருகிவிடும்.

தண்ணீர் வராத நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, மூட மறந்து போவது நம் ஊரில் சாதாரணம். கழன்ற குழாயால் நாசமான வீடுகளைவிடத் திறந்த குழாயால் நாசமானவை அதிகம் என்பது என் அனுபவம். ஆகவே வால்வை மூடிய பிறகு சோதனைக்காகத் திறக்கும் குழாய்களை, கடைசியில் ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு மூடிவிட்டே கதவைப் பூட்டுங்கள். மாநகராட்சித் தண்ணீர் வரும் சம்ப்பில் மிதவை வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்று ஒருமுறை நிரம்பவிட்டுப் பாருங்கள். அது மூடாவிட்டால் உபரித் தண்ணீர் யாருக்கும் தெரியாமல் அஸ்திவாரத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

மழையைப் பற்றிச் சுருக்கமாக: மொட்டைமாடி வடிகுழாய்களின் வாயில் சருகை அகற்றி, சல்லடை மூடி போடுங்கள். வெளிச் சுவரில் கழிவுக் குழாய் ஓரமாக அரசங்கன்று முளைத்திருந்தால் அதை வெறும் களை என்று கிள்ளிவிட்டுப் போகாதீர்கள். அந்த இடத்தில் குழாய் இணைப்பு கசிந்து சுவர் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அது சொல்கிறது. வேரோடு எடுத்துவிட்டு இணைப்பையும் அடைக்க வேண்டும்.

நீங்கள் இல்லாதபோது முடிவெடுக்க ஓர் ஆள் வேண்டும். மாடி வீட்டாரையும், சாவி கொடுத்துப் போகும் உறவினரையோ அண்டை வீட்டாரையோ, ஒரு மாலை கூப்பிட்டு, ஒவ்வொரு வால்வையும் அவர்கள் கையாலேயே மூடித் திறக்கச் சொல்லுங்கள். சொல்லிக் காட்டுவது போதாது. வால்வுக்கு அருகிலேயே பெயின்டால் "கீழ் வீடு", "மாடி குளியலறை" என்று எழுதிவையுங்கள். பிளம்பரின் எண்ணோடு, எவ்வளவு ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே செலவு செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே ஓடுவதால், இங்கே இரவு பத்தரைக்குக் குழாய் விட்டால் அங்கே உங்களை எழுப்பலாமா வேண்டாமா என்று அவர்கள் தயங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

மாடிப்படியடியில் ஒரு பையும் இருக்கட்டும். அதில் அரை அங்குலம், முக்கால் அங்குல அளவுகளில் மரை உள்ள டம்மி பிளக் இரண்டிரண்டு, டெஃப்லான் டேப், ஒரு பைப் ரேஞ்ச், பழைய டூவீலர் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை, இறுக்குவதற்கு இரண்டு கிளாம்ப், ஒரு டார்ச். சுவரில் பொருத்திய குழாய் முறிந்தால், வால்வை மூடி, மிச்ச மரையைக் கழற்றி, டம்மி பிளக்கைத் திருகிவிட்டால் மற்ற எல்லாக் குழாய்களையும் திறந்துகொள்ளலாம். பிளம்பர் மறுநாள் வந்தாலும் பாதகமில்லை. வெளியே ஓடும் குழாயில் ஊசித் துளை விழுந்தால், ரப்பரைச் சுற்றிக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் சில நாள் தாங்கும்.

மின்சாரத்தைப் பற்றி அவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கிய அறைக்குள் மெயின் ஸ்விட்சை அணைக்காமல் கால் வைக்கக் கூடாது. மெயின் அந்த அறைக்குள்ளேயே இருந்தால் எலெக்ட்ரீஷியன் வரும் வரை வாசலிலேயே நிற்க வேண்டும். உங்கள் ஓதச் சுவரில் ஸ்விட்ச் போர்டு இருக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. இருந்தால், பயணம் வரை காத்திராமல் இந்த வாரமே ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சோதியுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

பிப்ரவரியில் திரும்பி வந்த பிறகு குழாய் மாற்றும் வேலையைத் தொடங்கலாம், மழையும் ஓய்ந்திருக்கும். வெந்நீர் வரும் வழிகளுக்கு சி.பி.வி.சி. போல வெந்நீர் தாங்கும் குழாய்தான் ஆகும், வெள்ளை யு.பி.வி.சி. ஆகாது. பிளாஸ்டிக் குழாய்கள் உலோகக் குழாய்களைச் சந்திக்கும் இடமெல்லாம் பித்தளை மரை பதித்த இணைப்பாக இருக்கட்டும். பிளாஸ்டிக் மரையில் சணலும் ஆயில் பெயின்டும் சுற்ற விடாதீர்கள், டெஃப்லான் டேப் போதும். ஒட்டி முடித்து ஒரு நாள் உலரவிட்டு, பூசுவதற்கு முன் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். வேலை அழுத்தத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு என்பது விதி. தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு உங்கள் கீழ்த்தளத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம்கூட வராது என்பதால், நடைமுறையில் ஐந்தாறு கிலோ வரை ஏற்றுவார்கள். இரண்டு மணி நேரம் முள் இறங்காமல் நின்றால்தான் பூச விடுங்கள். கூலியின் கடைசிப் பகுதியை இந்தச் சோதனைக்குப் பிறகு தருவதாக முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

பூசும் முன், ஒவ்வொரு சுவரையும் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் இஞ்ச் டேப்பைப் பிடித்தபடி படம் எடுத்துவையுங்கள். அதை வீட்டுப் பத்திரத்தோடு ஒரு பிரதி வைத்து, பின்னால் அலமாரி மாட்டவோ ஏ.சி. பொருத்தவோ டிரில்லோடு வருகிறவரிடம் முதலில் காட்டிவிட்டு, பிறகு துளைக்கச் சொல்லுங்கள்.